வீண் ஓட்டம்

அன்புள்ள ஐயா,

வடலூரில் பிறந்து கடலூரில் வேலை பார்ப்பவன் நான். கம்பெனி அனுப்பி டெக்ஸாஸில் சில வருடம் இருந்தபோது கைத்துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. அங்கே ரேஞ்சிலேயே, அதாவது சுட்டுப் பழகுகிற இடத்திலேயே, துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரம் க்ளாக் பிஸ்டல், ஒரு வாரம் 1911 என்கிற மாடல் பிஸ்டல், இன்னொரு வாரம் ரிவால்வர் என்று மாற்றி மாற்றிச் சுடுவேன். ஒவ்வொன்றின் ட்ரிகரும் விரலுக்கு ஒவ்வொரு மாதிரி. ஊருக்குத் திரும்பியதும் பழைய 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியில் ஒரு ரேஞ்சுக்குப் போய்வருகிறேன்.

இதன் ட்ரிகர் முதலில் கொஞ்ச தூரம் ஒரு பயனும் இல்லாமல் சும்மா நகர்கிறது. அப்புறம்தான் தடுப்பு தட்டுப்படுகிறது. அந்த வீண் ஓட்டத்தை எடுத்துவிட்டால் தொட்டதும் சுடும். முதுநகரில் தெரிந்த லேத் பட்டறைக்காரர் உள்ளே அரம் போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா? என்.சி.சி.யில் சுட்டதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன். குண்டு போவது சுடுகிறவனுக்கே திடுக்கென்று இருக்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா? வள்ளலார் மண்ணில் பிறந்துவிட்டுத் துப்பாக்கியைக் கொஞ்சிக்கொண்டிருப்பது தப்போ என்றும் சில சமயம் தோன்றுகிறது. நம் பக்கத்திலிருந்து துப்பாக்கி சுடுவதில் ஒருவர்கூட மேலே வராதது ஏன்?

கே., கடலூர்

*

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். இளவேனில் வாலறிவன் பிறந்தது உங்கள் கடலூரில்தான். வளர்ந்தது குஜராத்தில். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டவர். ட்ரிகர் வீடியோ பார்க்கிற நேரத்தில் கொஞ்சம் செய்தித்தாளும் படியுங்கள்.

வள்ளலார் விஷயம். நீங்கள் சுடுவது காகித அட்டையை. அட்டைக்குப் பசியும் கிடையாது, வலியும் கிடையாது. உங்களிடம் இருப்பது 4.5 மில்லிமீட்டர் பெல்லட் போடும் காற்றுத் துப்பாக்கி, குண்டின் ஆற்றல் 20 ஜூல் தாண்டாதவரை அரசாங்கம்கூட லைசென்ஸ் கேட்பதில்லை. இதற்குப் போய் இவ்வளவு குற்ற உணர்ச்சியா? உள்ளே கொஞ்சம் பெருமையும் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். தருமசாலைக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சுடுங்கள்.

திடுக்கென்று போக வேண்டும் என்பது புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குச் சொல்வது. குண்டு போகப்போகிறது என்று தெரிந்தவுடன் கை முன்கூட்டியே இறுகித் துப்பாக்கியின் மூக்கைக் கீழே தள்ளிவிடும், அதைத் தடுக்கச் சொல்கிற உபாயம். 25 மீட்டர் ரேபிட் ஃபயர் என்கிற வேகப் போட்டியில் ஐந்து அட்டைகளை நான்கு விநாடியில் சுட்டாக வேண்டிய சுற்று ஒன்று உண்டு. 2012இல் லண்டனில் அந்தப் போட்டியில் விஜய் குமார் வெள்ளி வாங்கினார். ஒவ்வொரு குண்டுக்கும் அவர் திடுக்கிட்டுக்கொண்டிருந்தால் நான்கு விநாடி எங்கே போதும்?

இப்போது அந்த "வீண் ஓட்டம்". கடிதத்தில் இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.

கணக்கை முதலில் பார்ப்போம். ஏர் பிஸ்டல் போட்டியில் ட்ரிகருக்குக் குறைந்தது 500 கிராம் கனம் இருக்க வேண்டும். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் அரைக் கிலோ எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். எடை மேலே எழும்பும் முன் ட்ரிகர் விட்டுக்கொடுத்துவிட்டால் துப்பாக்கி போட்டிக்கு ஆகாது. இந்த 500 கிராமை உங்கள் பிஸ்டல் இரண்டாகப் பிரித்துத் தருகிறது. நீங்கள் வீண் என்கிற ஓட்டம்தான் முதல் கட்டம், தடுப்பு இரண்டாவது. பெரும்பாலோர் முதல் கட்டத்துக்கே பெரும்பங்கை வைத்துக்கொள்வார்கள். விரல் அந்தச் சுமையை ஓடும்போதே ஏற்றுக்கொண்டுவிடும், தடுப்புக்கு வந்தபின் மிச்சம் கொஞ்சம்தான். முதல் கட்டத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மொத்த அரைக் கிலோவும் தடுப்பில் வந்து உட்காரும். தொட்டதும் சுடாது, முன்னைவிட முரண்டு பிடிக்கும். போட்டி எனக்கு எதற்கு, கனத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொள்கிறேன் என்பீர்கள். அப்போது உங்கள் கையில் இருப்பது மேஜைமேல் கொஞ்சம் வேகமாக வைத்தாலே வெடிக்கக்கூடிய சாமான். ரேஞ்சில் பக்கத்து வரிசையில் நிற்பவருக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது.

டெக்ஸாஸில் இத்தனை சுட்டீர்களே, ஒன்றையாவது கவனித்தீர்களா? க்ளாக்கில் விரல் இழுக்கிற அந்த ஓட்டத்தில்தான் தோட்டாவை அடிக்கிற ஊசியான ஸ்ட்ரைக்கர் மிச்ச தூரம் பின்னுக்குப் போய் முழுதாக ஏறுகிறது, உள்ளே பூட்டும் விலகுகிறது. டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் அந்த நீண்ட இழுப்புதான் சுத்தியலைத் தூக்குகிறது, குண்டறையைச் சுற்றி விடுகிறது. 1911இல் ஓட்டம் கொஞ்சம்தான், நீங்கள் ஆசைப்படுகிற மாதிரி. ஆனால் அதில் கட்டைவிரலுக்கு ஒரு பூட்டு, உள்ளங்கை அழுத்தினால் மட்டும் விலகுகிற இன்னொரு பூட்டு. ஓட்டத்தைக் குறைத்த இடத்தில் பூட்டைக் கூட்டியிருக்கிறார்கள். எலக்ட்ரானிக் ட்ரிகர் வைத்த ஏர் பிஸ்டலில் பேட்டரியும் ஸ்விட்சும் வேலையைச் செய்துவிடும், ஓட்டமே தேவையில்லை. அதிலும் ஒரு ஸ்பிரிங்கை வைத்து முதல் கட்டத்தைச் செயற்கையாக உண்டாக்கித் தருகிறார்கள். சுடுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வது அது. நம் ஊர் டூவீலர் மெக்கானிக் க்ளட்ச் கேபிளை முழுக்க இறுக்கமாட்டார், கொஞ்சம் ப்ளே விடுவார். இறுக்கச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். உங்கள் லேத் நண்பர் அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் கவலையாக இருக்கிறது.

போன மாதம் எங்கள் என்.சி.சி. ஹவில்தார் இறந்துபோன செய்தி வந்தது. அன்றிலிருந்து இந்த முதல் கட்டம்தான் மனசில் ஓடுகிறது. அதற்குள் உங்கள் கடிதம்.

எங்களுக்குக் கொடுத்தது .22 ரைஃபிள். அதற்கு முன்னால் தோட்டா இல்லாத .303இல் பழக்கினார். அதன் ட்ரிகருக்கும் இரண்டு இழுப்பு. மத்தியான வெயிலில் மைதானத்துச் சரளைமேல் குப்புறப் படுக்க வைப்பார். "முதல் இழுப்பு எடு." எடுப்போம். "நில்லு." நிற்போம். "விடு." விரலைத் தளர்த்த, ட்ரிகர் முன்னே போகும். மறுபடி எடு, நில்லு, விடு. இரண்டாவது இழுப்புக்கு அனுமதியே கிடையாது. சினிமாவில் பார்த்த மாதிரி சுடலாம் என்று சேர்ந்த பையன்கள் நாங்கள், வயிறு எரியும். ஒருநாள் என் பக்கத்தில் அவரே படுத்தார். வெற்றிலை வாசனை. ட்ரிகர் வளையத்துக்குள் இருந்த என் விரலுக்கு மேல் தன் விரலை வைத்தார். நகம் நெடுக்கில் பிளந்து கறுத்திருந்தது. என் விரலோடு சேர்த்து அழுத்தினார். எங்கே ஓட்டம் முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது, சட்டென்று நின்றார். அங்கேயே பேசாமல் இருந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் மெல்ல விட்டார். "இங்க வரைக்கும் வந்துட்டும் திரும்பிப் போலாம். தெரிஞ்சுக்க" என்றார். அவ்வளவுதான் பாடம். எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு அடுத்த பையனிடம் போய்விட்டார்.

ரேஞ்ச் நாள் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பொட்டல், அட்டைகளுக்குப் பின்னால் மண்மேடு, சிவப்புக் கொடி. காவலுக்கு நிறுத்தியிருந்த ஆள் எங்கேயோ போயிருக்கிறார். வரிசையில் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருக்கும்போது மண்மேட்டின்மேல் ஒரு ஆடு ஏறியது. பின்னாலேயே அதை விரட்டிக்கொண்டு ஒரு அம்மா. விசில். என் விரல் முதல் கட்டத்தின் முடிவில் இருந்தது. சொல்லி எடுக்கவில்லை, தானாக முன்னே வந்துவிட்டது. வரிசையில் ஒருவரும் சுடவில்லை. அந்த அம்மா மேட்டின்மேலேயே நின்று எங்கள் எல்லோரையும், குறிப்பாக ஹவில்தாரை, ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார். அவர் அட்டென்ஷனில் நின்று கேட்டுக்கொண்டார். அன்று யார் எத்தனை புள்ளி எடுத்தோம் என்று அட்டையைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதுவரை நன்றாகச் சுட்டிருந்தேன்.

கடலூர்க்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இருக்கிறது. 1690இல் செஞ்சி மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. சுற்றிலும் சுட்டான். விழுந்த இடத்துக்குள் அடங்கிய ஊரெல்லாம் அவனுடையது. குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்துவிட்டது. பீரங்கியில் ஏது முதல் கட்டம், நெருப்பை வைத்தால் முடிந்தது. அந்த ஊர்களில் குடியிருந்தவர்களை யாராவது கேட்டார்களா? சரி, இது வேறு பேச்சு, இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். தாராளமான நேரம். எதற்கு அவ்வளவு? கையைத் தூக்கி, முதல் கட்டம் எடுத்து, குறிபார்க்கிற சைட் சரியாக நிற்கவில்லை என்றால் சுடாமல் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவதற்கு. இறக்கியதற்கு யாரும் புள்ளி குறைப்பதில்லை. நல்ல சுடுநர்களை உற்றுப் பாருங்கள், கூச்சமே இல்லாமல் இறக்குவார்கள். பக்கத்தில் இருப்பவன் என்ன நினைப்பான் என்று கவலைப்பட்டு, ஆடுகிற சைட்டோடு அழுத்திப் பத்துக்கு எட்டு வாங்குவது நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்தான். தொட்டதும் சுடுகிற ட்ரிகர் வைத்துக்கொண்டு எதை இறக்குவீர்கள்?

டெக்ஸாஸில் சுட்டதை நீங்கள் எழுதியிருந்த விதம் எனக்குப் பிடித்தது. விரல் நுனியில் இவ்வளவு கவனம் உள்ளவர்கள் குறைவு. அந்தக் கவனத்தை ஓட்டத்தின்மேல் வையுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், பெல்லட் இல்லை என்று குழலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, வெறும் சுவரைப் பார்த்து முதல் கட்டம் மட்டும் எடுத்து விட்டுப் பழகுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கனம் மாற்றவும் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கவும் உங்கள் பிஸ்டலிலேயே திருகுகள் இருக்கும். கையேட்டைப் பார்த்து அதை மட்டும் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். அரம் வேண்டவே வேண்டாம். ட்ரிகரின் உள்ளே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கிற முகங்களில் கடினப்படுத்திய படலம் மிக மெல்லியது. அரம் அதைத் தின்றுவிட்டால் அடியில் இருப்பது மெத்தென்ற இரும்பு, சீக்கிரம் தேய்ந்து ஒருநாள் நீங்கள் தொடாமலேயே விட்டுவிடும். பிஸ்டலை ஏற்கெனவே முதுநகரில் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும்.