உறைக்க வேண்டாமா?

அன்புள்ள ஐயா,

எட்டு மாதத்துக்கு முன்னால் நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது என் நாலு வயது மகள் மேடையில் இருந்த பால் பாத்திரத்தை இழுத்துவிட்டாள். இடது கையில் கொட்டிவிட்டது. புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. தினமும் ராத்திரி அவள் தூங்கியதும் அதைத் தடவிப் பார்த்து அழுவேன். ‘நீயெல்லாம் ஒரு அம்மாவா’ என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். சில நாள் அவளே முழித்துக்கொண்டு ‘வலிக்கலம்மா’ என்பாள். என்மேல் நானே பரிவு காட்டப் பழக வேண்டும் என்கிறார் கவுன்சிலர். அது சுயநலம் இல்லையா? கண்ணாடி முன்னால் நின்று ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்று சொல்லிப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது. என்னை நானே மன்னித்துவிட்டால் மறுபடியும் அசட்டையாகிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. எந்தத் தியானத்தில் தொடங்கலாம்? நல்ல ஆப் ஏதாவது உண்டா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்,

ஆப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கண்ணாடி வேலை கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சுயநலமா என்று கேட்டதற்கும் பதில் சின்னதுதான். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், எல்லாரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கிற மைத்ரி தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. முதலில் நான் நலமாக இருக்கட்டும், அப்புறம் வேண்டியவர்கள், கடைசியில் பகைவர்கள். துறவிகளுக்கே வரிசை அதுதான் என்றால் சின்னக் குழந்தையோடு அல்லாடும் உங்களுக்கு என்ன?

‘அசட்டையாகிவிடுவேனோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நம் வீடுகளில் இதற்கு வேறு பெயர் உண்டு. சொரணை. ‘உனக்கு உறைக்குதா இல்லையா?’ என்று கேட்டுக் கேட்டு வளர்த்தார்கள். உறைத்தது என்று காட்ட அழுதாக வேண்டும், சாப்பாட்டைத் தள்ளிவைக்க வேண்டும், முகம் வாடியிருக்க வேண்டும். தப்புச் செய்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினவன் சொரணை கெட்டவன். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

1988இல் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடிக்கிற காலம். கம்பாசிட்டர் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் வர வேண்டிய ‘தெய்வத்திரு’ பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. கோத்தவர் அவர், பார்த்து கையெழுத்துப் போட்டவன் நான். 400 பத்திரிகையும் அடித்துக் கட்டுக்கட்டிக் கொடுத்தாயிற்று. மறுநாள் சாயங்காலம் அந்த அப்பாவே வந்தார், உயிரோடு, ஒரு பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் திட்டவே இல்லை. மஞ்சள் தடவிய மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, ‘வீட்ல அழுதுக்கிட்டிருக்கா தம்பி’ என்று மட்டும் சொன்னார்.

நான் இடிந்துபோனேன். ராத்திரி சாப்பிடவில்லை, தலையில் அடித்துக்கொண்டேன், இரண்டு நாள் வேலைக்கே போகவில்லை. அண்ணாச்சி அந்த அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார். மறுநாள் விடிவதற்கு முன்னால் வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து, முதலிலிருந்து கோத்தார். இடுக்கியால் எழுத்தை எடுக்கும்போது தனக்குத்தானே முணுமுணுப்பாராம்: ‘எங்க ராசா போச்சு கண்ணு... சரி, வா, பாத்துப் போடுவம்.’ கூட இருந்த பையன் எனக்குச் சொன்னான். அன்றிலிருந்து எந்தப் பத்திரிகை வந்தாலும் ஒவ்வொரு பெயரின்மேலும் விரலை வைத்து வாய்விட்டுப் படித்த பிறகுதான் மிஷினுக்கு அனுப்பினார். அப்போது எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். மனுஷனுக்கு உறைக்கவே இல்லையே என்று. அந்த அப்பாவுக்குப் பத்திரிகை தேவைப்பட்ட இரண்டு நாளும் வீட்டில் படுத்துக்கிடந்தவன் நான் என்பது புரியப் பல வருடம் ஆயிற்று. என் அழுகையால் அவருக்கு ஒரு தாள் கூட மிச்சமாகவில்லை.

2012இல் ஜூலியானா பிரெய்ன்ஸ், செரீனா சென் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் கடினமான ஒரு சொல் தேர்வு. அதில் தடுமாறியவர்களில் சிலரிடம், இது எல்லாருக்கும் நடப்பதுதான், ரொம்ப நொந்துகொள்ளாதே என்று சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். படித்ததும் எனக்கு அண்ணாச்சியின் விரல்தான் ஞாபகம் வந்தது.

இந்தப் பரிவுக்கு 2003இல் இலக்கணம் எழுதிய உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் மூன்று விஷயம் சொல்கிறார். தன்னிடம் கனிவு, இது மனிதர் எல்லாருக்கும் வருவது என்ற நினைப்பு, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. மூன்றிலும் ‘நான் தப்பே செய்யவில்லை’ என்பது கிடையாது. நீங்கள் கவனிக்கவில்லை, பால் கொட்டியது. அது அப்படியேதான் இருக்கும். ஆனால் ‘நீயெல்லாம் ஒரு அம்மாவா’ என்று கேட்கிற குரல் யாருடையது என்று ஒருநாள் உன்னிப்பாகக் கேட்டுப் பாருங்கள். எனக்குள் அப்படிக் கேட்டது என் பெரியப்பாவின் குரல், வார்த்தைகூட மாறாமல்.

இப்போது உங்களைத் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘வலிக்கலம்மா’ என்று அவள் சொல்வதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நடு ராத்திரியில் நாலு வயதுக் குழந்தை தன் தூக்கத்தை விட்டு உங்களைத் தேற்றுகிறாள். தன் கைதான் அம்மாவை அழவைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நாளைக்கு அவள் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் தன்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்வாள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? இந்த ராத்திரி அழுகையை நிறுத்தத்தான் வேண்டும். கெஞ்சியும் கேட்கிறேன், அதட்டியும் சொல்கிறேன்.

கவுன்சிலரிடம் போவதை விட்டுவிடாதீர்கள். அடுப்பு பற்ற வைக்கும்போது போனைக் கூடத்தில் வையுங்கள், பாத்திரத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். உள்ளே அந்தக் குரல் கிளம்பினால், உங்கள் மகளைக் கொஞ்சும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயரால் உங்களைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். கண்ணாடி வேண்டாம், பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசலாம். இன்று ராத்திரி அவள் ‘வலிக்கலம்மா’ என்றால், ‘தெரியும்டா, தூங்கு’ என்று சொல்லிவிட்டு நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.