வளவில் முளைத்த சிப்பிக் காளானை உண்ணலாமா?

கேள்வி: எங்கள் வளவில் வெட்டிப் போட்ட மாமரக் குற்றியில், மழைக்குப் பின்னர் வெண்ணிறக் காளான்கள் அடுக்கடுக்காக முளைத்துள்ளன. கடையில் வாங்கும் சிப்பிக் காளானைப் போலவே இருக்கின்றன. வெள்ளிக் கரண்டியைப் போட்டுச் சமைக்கும்போது அது கறுக்காவிட்டால் உண்ணலாம் என்கிறார் மாமியார். இது சரியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார்; ஆயினும் கரண்டிச் சோதனையை அறவே நம்ப வேண்டாம். ஈரலை அழிக்கும் அமாடொக்சின் என்ற காளான் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதுமில்லை, கொதிக்க வைப்பதால் அழிவதுமில்லை. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் இதே வகையான நம்பிக்கைதான்.

குற்றியிலிருந்து ஒரு காளானைக் காம்போடு பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். சிப்பிக் காளானாயின், காம்பு குடையின் நடுவில் இராமல் ஓரமாக, குட்டையாக இருக்கும். குடைக்கு அடியிலுள்ள மெல்லிய தகடுகள் காம்பு தொடங்கும் இடத்தில் நின்றுவிடாமல் அதன்மீதே கீழிறங்கி ஓடும். காம்பில் வளையமோ, அடியில் பை போன்ற உறையோ இராது. தகடுகளின் விளிம்பு வாள்பல்லைப் போல் அரியப்பட்டிருந்தாலோ, சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் மயிரடர்ந்த சிறு விசிறியாக இருந்து தகடுகள் நீளவாக்கில் பிளந்திருந்தாலோ, அது வேறு இனம்.

அடுத்து, வித்திகளின், அதாவது காளான் இனம்பெருகத் தகடுகளிலிருந்து உதிர்க்கும் நுண்தூளின், நிறத்தைப் பாருங்கள். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில், தகடுகள் கீழ்நோக்கியிருக்கக் குடையை வைத்துக் கிண்ணத்தால் மூடி, ஓரிரவு விட்டுவிடுங்கள். படியும் தூள் வெண்மையாகவோ மங்கலான ஊதா கலந்த சாம்பலாகவோ இருக்க வேண்டும். கபிலம் என்றால் அது சிப்பிக் காளான் அன்று.

இவ்வளவும் பொருந்தினாலும் ஐயம் முழுமையாக நீங்கிவிடாது. அவுஸ்திரேலியாவில் மரங்களில் வளர்வதும், 2012இல் இந்தியாவிலிருந்தும் பதிவானதுமான, இருளில் ஒளிரும் ஒரு காளானுக்கும் தகடுகள் காம்பில் இறங்கும், வித்தித் தூளும் வெண்மையே. உண்டவருக்குக் கடும் வாந்தி ஏற்படும். பரம்பரையாக உண்பதும் முழுப் பாதுகாப்பன்று. ஜப்பானியர் நெடுங்காலமாக உண்டுவந்த, சிப்பிக் காளானை ஒத்த சுகிஹிராதகே என்ற வெண்காளானை உண்டவர்களில், ஜப்பானில் 2004ஆம் ஆண்டு 17 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஏற்கெனவே சிறுநீரக நோயுடையவர்கள். அது ஊசியிலை மரங்களில் வளர்வதால் உங்கள் மாமரக் குற்றியில் வந்திருக்காது.

ஆகவே, இம்முறை அதைச் சமைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மரத்தூள் பைகளில் வளர்த்து விற்கும் சிப்பிக் காளானில் ஒரு பொதி வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பழகுங்கள். காளான்களை நேரில் கற்றறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். புகைப்படத்தை மட்டும் பார்த்துச் சொல்பவரின் தீர்ப்பை ஏற்க வேண்டாம். நல்ல இனமென உறுதியானாலும், பிரதான வீதியோரத்தில் கிடந்த குற்றியிலோ, வர்ணமோ பூச்சிமருந்தோ பூசிய மரத்திலோ முளைத்ததைத் தவிருங்கள். காளான்கள் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கக்கூடியவை.

யாராவது ஏற்கெனவே உண்டிருந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் 1990 இலவச அம்புலன்ஸை அழைத்து, அல்லது நேரடியாகவே, கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் அங்கேயே உள்ளது. அமாடொக்சினால் வரும் வாந்தியும் வயிற்றோட்டமும் பெரும்பாலும் 6 மணித்தியாலங்களுக்குப் பின்னரே தொடங்கி, இடையில் தணிந்து, ஈரல் பழுதடைந்தபின் மீண்டும் நோய் முற்றும் என்பதால், சுகமாகிவிட்டதென்று வீட்டில் தங்கிவிடக் கூடாது. எஞ்சிய காளானைக் கடதாசிப் பையிலிட்டு வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.