32-பிட் நிரலும் 64-பிட் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரே ஸ்ட்ரக்சரை (பல உறுப்புகளை அடுக்கிய தரவுத் தொகுப்பு) வேறு வேறாகப் படிக்கின்றன. ‘பேக்டு’ போட்டால் போதுமா?

போதாது. ‘பேக்டு’ என்பது உறுப்புகளுக்கு இடையே கம்பைலர் விடும் வெற்று பைட்டுகளை நீக்குமே தவிர, 32-பிட் லினக்ஸில் 4 பைட்டாகவும் 64-பிட்டில் 8 பைட்டாகவும் இருக்கும் லாங் என்ற எண் வகை, நினைவக முகவரியை வைக்கும் பாயின்டர் ஆகியவற்றைத் தொடுவதே இல்லை. நீங்களும் டிரைவர்தான் (சாதனத்தை இயக்கும் கெர்னல் பகுதி) எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் வெளியிலிருந்து வாங்கிய டிரைவர் ஒன்றின் ஐஆக்டில் (நிரல் டிரைவருக்கு அனுப்பும் கட்டளை) ஸ்ட்ரக்சரில் இரண்டே உறுப்புகள்: 32-பிட் சேனல் எண், அடுத்து 64-பிட் பஃபர் முகவரி. ஏஆர்எம் போர்டில் 32-பிட் நிரலும் 64-பிட் கெர்னலும் 64-பிட் எண்ணை 8 பைட் எல்லையிலேயே வைப்பதால் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. இன்டெல் கணினிக்கு வந்ததும், அது இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத ஐஆக்டில் என்று பிழை வந்தது. 32-பிட் இன்டெலுக்கான ஐ386 விதிப்படி 4 பைட் எல்லையே போதும் என்பதால் நிரலின் கணக்கில் ஸ்ட்ரக்சர் 12 பைட், கெர்னலின் கணக்கில் 16 பைட்; கட்டளை எண்ணுக்குள் ஸ்ட்ரக்சரின் அளவும் அடங்கியிருப்பதால் கட்டளையே வேறாகிவிட்டது.

விற்றவர்கள் அனுப்பிய திருத்தம், கட்டளை எண்ணிலிருந்து அளவை எடுத்துவிட்டது! அதன்பின் நிரல் 4ஆம் பைட்டிலிருந்து எழுதிய முகவரியை கெர்னல் 8ஆம் பைட்டிலிருந்து படித்து, முகவரியின் மேற்பாதியையும் பக்கத்தில் கிடந்த ஸ்டாக் குப்பையையும் ஒட்டி ஒரு முகவரியாக எடுத்துக்கொண்டது. நிரலுக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று என இரண்டு ஹெடர் கோப்புகளை வைத்துக்கொண்டு, பிழை எங்கள் நிரலில்தான் என்று அவர்கள் வாதிட்டதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

இறுதியில் நாங்களே ஹெடரை ஒன்றாக்கி, சேனல் எண்ணுக்குப் பின் 32-பிட் வெற்று உறுப்பு ஒன்றை வெளிப்படையாகச் சேர்த்து, அதில் சுழி அல்லாத மதிப்பு வந்தால் ‘ஈஇன்வால்’ (தவறான மதிப்பு என்ற பிழை எண்) திருப்பச் செய்தோம். இப்போது எந்தக் கம்பைலரிலும் 16 பைட்டுதான்.

32-பிட் நிரலின் கட்டளையை 64-பிட் கெர்னலுக்கேற்ப மாற்றித்தரும் காம்பாட் ஐஆக்டில் எதற்காக இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். லினக்ஸ் கெர்னல் 2.6.11 முதல் இருக்கும் அந்த வசதியை நான் குறைகூறவில்லை. வாடிக்கையாளர்களிடம் ஏற்கெனவே போய்விட்ட 12 பைட் நிரல்களுக்காக நாங்களும் அதைத்தான் எழுதினோம். ஆனால் புதிதாக வடிவமைப்பவர், அளவு மாறாத வகைகளை மட்டும் வைத்து, இடைவெளிகளை மேலே சொன்னபடி வெற்று உறுப்புகளால் நிரப்பி, பாயின்டரையும் 64-பிட் எண்ணாக அனுப்பிவிட்டால், அந்த மொழிபெயர்ப்பு அடுக்குக்கே பெரும்பாலும் வேலையிருக்காது. கெர்னலிலிருந்து நிரலுக்குத் திருப்பி அனுப்பும் ஸ்ட்ரக்சரை மட்டும் நிரப்பும் முன் முழுவதும் சுழியாக்கிவிடுங்கள். இல்லையெனில் இடையிலுள்ள வெற்று பைட்டுகள் வழியே கெர்னல் நினைவகத்தின் துணுக்குகள் வெளியே கசியக்கூடும்.