சின்ன டிராக்டரில் டிபிஎஃப் (டீசல் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. இந்த ரீஜெனோடு, அதாவது சேர்ந்த கரியை வண்டியே எரித்து ஃபில்டரைச் சுத்தம் செய்வதோடு, எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்?

கேட்டவர் சொல்வது இது: 30 குதிரைத்திறன் வண்டி, வாங்கி ஒரு வருடம். எட்டு மணி நேரம் ஓடினால் ஒருமுறை ரீஜென் விளக்கு எரிகிறது. வேலைக்கு நடுவே வந்து உயிரை எடுக்கிறது. ஃபில்டர் இல்லாத பழைய வண்டிக்கே திரும்பிவிடலாமா?

எங்கள் வண்டிக்கும் இதே எட்டு மணிக் கணக்குதான் இருந்தது. இப்போது இருபத்தைந்து மணிக்கு முன்னால் வருவதில்லை. வண்டியில் எதையும் மாற்றவில்லை, மாமாவைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கம், நிபோங் திபால். மாமாவுக்குப் பதினோரு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை). பழைய டிராக்டரின் கியர்பாக்ஸ் போன பிறகு, 2022இல் ஜப்பானிலிருந்து வந்த ரிக்கண்டிஷன் (சரிசெய்து விற்கும் பழைய) வண்டி ஒன்றை வாங்கினார், 31 குதிரை. விற்ற தவுக்கே (கடை முதலாளி) சாவியைக் கொடுத்தார், கையேடு கொடுக்கவில்லை. பட்டன் எல்லாவற்றிலும் ஜப்பானிய எழுத்து. போன் கேமராவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு பட்டனுக்கு ‘ஆட்டோபிளே’ என்று வந்தது, பக்கத்தில் இருந்ததற்கு ‘பிளே’. ரேடியோ இருக்கிறது போல என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அமுக்கிப் பார்த்தார். பாட்டு வரவில்லை. ஸ்பீக்கர் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஜப்பானிய மொழியில் பாட்டை ஓட விடுவதற்கும் ஃபில்டர் ரீஜெனுக்கும் ஒரே சொல்தான். மாமா அமுக்கியது, தானாக நடக்கும் ரீஜெனைத் தடுத்து நிறுத்தும் பட்டன். வைக்கோல் போர், மூடிய கொட்டகை மாதிரி இடங்களில் அந்தச் சூடு வேண்டாம் என்பதற்காக வைத்திருப்பது. அடுத்த மூன்று வாரம் உள்ளே கரி சேர்ந்துகொண்டே போயிற்று. ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டியதை ‘சர்வீஸ் கேட்குது, சம்பளம் வரட்டும்’ என்று தள்ளிப்போட்டார். ஒருநாள் டிரெய்லர் நிறையக் குலையோடு வாய்க்கால் மேட்டில் ஏறும்போது வண்டி பாதி பலத்துக்கு இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அமுக்கினாலும் முனகலோடு சரி. பாதிக் குலையை அங்கேயே இறக்கி, தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு வந்தோம். மெக்கானிக் வந்தார், லேப்டாப்பைச் செருகினார், வண்டியை நிறுத்தி வைத்தபடியே அரை மணி நேரம் ரீஜென் ஓடவிட்டார், 450 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஃபில்டரையே கழற்ற வேண்டியிருக்குமாம்.

அதற்கப்புறம்தான் இந்த ஃபில்டர் பெட்டி என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

டீசல் புகையில் வரும் கரியை ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது. கனமான வேலையில் புகை நன்றாகச் சூடாக இருந்தால் அந்தக் கரி ஓடும்போதே எரிந்துவிடும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு கேட்டலிஸ்ட் (வினையூக்கி) இருக்கிறது. புகை 250, 300 டிகிரியைத் தாண்டினால் அது நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும், அது கரியை மெல்ல அரித்து எரித்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. அது போதாமல் போனால்தான் விளக்கு எரியும். அப்போது கம்ப்யூட்டர், பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. அது கேட்டலிஸ்டுக்குப் போய் அங்கே எரிகிறது. புகை 600 டிகிரி வரை ஏறும், கரி எரிந்து தீரும். எங்கள் வண்டியில் இதற்கு 15, 20 நிமிடம் ஆகிறது.

ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, புகையின் சூடு 150 டிகிரி அளவில்தான் இருக்கும். அதாவது ஐட்லிங்கில் கரி சேரும், எரியவே எரியாது.

இப்போது எங்கள் வேலையைப் பாருங்கள். குலை வெட்டும் நாளில் நாலு மரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும். இரண்டு பேர் குலையைக் குத்தித் தூக்கி டிரெய்லரில் போடுவார்கள், உதிரிப்பழத்தைப் பொறுக்குவார்கள், ஒரு சிகரெட் ஓடும். அதுவரை எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். மறுபடி இருபதடி நகரும், நிற்கும். ஆறு மணி நேர வேலையில் நாலு மணி ஐட்லிங். பழைய வண்டியில் அப்படித்தான் பழக்கம், அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ என்ற பயம் வேறு. புது வண்டிக்கும் அதே வைத்தியம்.

மேலே இன்னொரு கூத்து. தடுப்புப் பட்டனை விடுவித்த பிறகு ரீஜென் தானாக வர ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் மாறும், இரும்பு காயும் வாடை வரும், சீட்டுக்குப் பக்கத்தில் அனல் அடிக்கும். குலை ஏற்ற லோரி இரண்டு மணிக்கு வந்துவிடும், பழம் அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும், நின்று வேடிக்கை பார்க்க நேரம் ஏது? மாமா பாதியில் எஞ்சினை அணைத்துவிடுவார். மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி ரீஜென். மறுபடி அணைப்பார்.

இதில் உள்ள கெடுதல் எனக்கு ஒரு காலையில் புரிந்தது. ஆயில் பார்க்கலாம் என்று அளவுக்கம்பியை உருவினேன். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல்கடை ஏறி நின்றது. நாங்கள் ஆயில் ஊற்றவே இல்லை. கம்பி நுனியிலிருந்து ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டேன். நடுவில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி மஞ்சளாக, ஈரமாக ஒரு வளையம் பரவிக்கொண்டே போயிற்று. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. ரீஜெனுக்காகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். ரீஜென் முழுசாக முடிந்து வண்டி கொஞ்ச நேரம் சூட்டோடு ஓடினால் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். பாதியில் நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் சேர்ந்துகொண்டே போகும். நம் ஊர் டீசலில் பாமாயிலில் செய்த பயோடீசல் வேறு கலந்திருக்கிறது. அதன் கொதிநிலை அதிகம், ஆயிலில் இறங்கிவிட்டால் லேசில் ஆவியாகாது. அன்றைக்கே ஆயிலை வடித்து மாற்றினோம். நீங்கள் இதைப் படித்து முடித்ததும் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தக் கம்பியைத்தான். அளவு ஏறியிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, என்ன மாற்றினோம்? ஏற்றும்போது எஞ்சினை அணைப்பது, அதுதான் முதலும் முக்கியமும். பேட்டரி நல்லதாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, வேலையின் வரிசை. முன்பு குலை இழுப்பது ஒரு நாள், புல் வெட்டுவது இன்னொரு நாள். இப்போது லோரி போன பிறகு அதே நாளில் ஸ்லேஷரை (டிராக்டரில் மாட்டும் புல்வெட்டி) மாட்டி ஒரு மணி நேரமாவது லாலான் புல் வெட்டுகிறோம். பிடிஓ (மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது எஞ்சினுக்கு நல்ல சுமை, புகை சூடாகிறது, காலையில் சேர்ந்த கரி சத்தமில்லாமல் எரிகிறது. ரீஜென் வந்தாலும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் வருகிறது, வெட்டிக்கொண்டே இருக்கலாம், நிறுத்தத் தேவையில்லை. வேலை செய்துகொண்டே ரீஜென் நடக்கும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆக்சிலரேட்டரை மட்டும் குறைக்காமல் இருக்க வேண்டும்.

சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஒவ்வொரு ரீஜெனுக்கும், எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரைக் குறித்து வைக்கிறேன். இது வெட்டிவேலை மாதிரித் தெரியும். ஆனால் இருபது மணியைத் தாண்டினால், மறுநாள் குலை வெட்டு என்றால், முந்தின மாலையே வண்டியை நிறுத்திவைத்துச் செய்யும் ரீஜெனை நானே ஓட்டிவிடலாம், எங்கள் வண்டி அதற்குச் சம்மதித்தால். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், கியர் நியூட்ரல், பிடிஓ அணைத்திருக்க வேண்டும். கரி போதுமான அளவு சேராவிட்டால் பட்டனை அமுக்கினாலும் கேட்காது. அப்போது வருத்தப்பட வேண்டாம், அது நல்ல சேதி.

நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை நான் வீட்டுப் பின்புறம் நிறுத்தி ஓட்டினேன். புகைக்குழாய்க்கு எதிரே கொடியில் காய்ந்த நீலத் தார்ப்பாய் முழுசாக ஒரு தட்டு அளவுக்கு உருகிச் சுருண்டுவிட்டது. காய்ந்த மட்டைக் குவியலாக இருந்திருந்தால் தோட்டமே போயிருக்கும். இப்போது செம்மண் வெட்டவெளியில்தான். கொட்டகைக்குள் வேண்டவே வேண்டாம். ரேடியேட்டர் வலையில் லாலான் பூ அடைத்திருந்தால் முதலில் ஊதிவிடுங்கள், ரீஜென் நேரத்தில் எஞ்சின் பக்கம் அனல் கூடுதல்.

டீசல், ஆயில் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். மலேசியாவில் 2021 ஏப்ரல் முதல் டீசல் யூரோ 5 தரம், கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) வரைதான். அதற்கு முன் விற்ற யூரோ 2எம் டீசலில் 500 பிபிஎம் வரை இருக்கலாம். யாராவது பழைய டிரம்மில் கிடக்கிறது, மலிவாகத் தருகிறேன் என்றால் ஃபில்டர் இல்லாத பழைய டீசல் மெஷினுக்கு ஊற்றுங்கள், இதற்கு வேண்டாம். ஆயில் டின்னில் சிஜே-4 அல்லது சிகே-4 (CJ-4, CK-4) என்று போட்டிருக்க வேண்டும், அவைதான் சாம்பல் குறைந்த வகை. ‘மினியாக் ஹித்தாம் (எஞ்சின் ஆயில்) எல்லாம் ஒன்றுதான்’ என்று பட்டறையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். விறகடுப்பில் கரி எரிந்து போகும், சாம்பல் தங்கும் இல்லையா, இங்கேயும் அதே கதை. ஆயில் எரிந்து வரும் சாம்பலை எந்த ரீஜெனும் போக்காது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றினால் அந்த நாள் தள்ளிப்போகும். இந்த அளவு எஞ்சின்களுக்கு 3,000 மணிக்கு முன்னால் அந்த வேலை வரக்கூடாது என்று அமெரிக்க விதியே இருக்கிறது. எங்கள் ஓட்டத்துக்கு மூவாயிரம் என்பது என் மகன் காலத்துக் கவலை.

ஃபில்டரை வெட்டி எறிந்துவிட்டுக் குழாய் மாட்டித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உங்களிடமும் வந்திருப்பார்கள். எங்களிடம் வந்தார்கள். கம்ப்யூட்டரை ஏமாற்ற வேண்டும், பிறகு ஏதாவது கோளாறு வந்தால் எந்த மெக்கானிக்கும் லேப்டாப்பைச் செருகி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம், பழைய வண்டியின் பின்னால் பத்து வயதிலிருந்து நடந்திருக்கிறேன். மாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் சொல்லிவிட்டது. இந்த வண்டியின் குழாயில் வெள்ளைத் துணியால் துடைத்தாலும் கரி ஒட்டாது. டிரெய்லர் பின்னால் இப்போது பழம் பொறுக்குவது என் தங்கை.

பழைய வண்டிக்குப் போகலாமா என்றால், உங்கள் வேலையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. அமெரிக்க விதியும் ஐரோப்பிய விதியும் 19 கிலோவாட்டில், அதாவது ஏறக்குறைய 25 குதிரையில், கோடு கிழிக்கின்றன. அதற்குக் கீழே ஃபில்டர் இல்லாமலே தேறிவிடலாம். 24 குதிரை, 24.8 குதிரை என்று அத்தனை மாடல்கள் இருப்பதன் ரகசியம் இதுதான். நாள் முழுக்க நின்று நின்று இழுப்பது மட்டுமே வேலை என்றால் நான் யோசிக்காமல் அந்தச் சின்ன வண்டியை வாங்குவேன், புதிதாகவே. புல் வெட்டு, உழவு என்று நாளில் ஒரு மணி நேரமாவது கனமாக ஓடினால் இருக்கிற வண்டியையே வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 10இல் டீசல் ஒரே இரவில் 2.15இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது மாமா ரீஜெனுக்குப் போகும் டீசலைக் கணக்குப் போடச் சொன்னார். போட்டேன். ஏற்றும்போது ஐட்லிங்கை நிறுத்தியதில் மிச்சமானதைவிட அது குறைவாகத்தான் வந்தது.

ரேடியோ சந்தோஷம் மட்டும் மாமாவை விட்டுப் போகவில்லை. விளக்கு எரிந்தால் தோட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து இன்றும் சத்தம் வரும்: “டேய், பாட்டு ஓடுது! யாரும் அணைச்சிடாதீங்க!”