கிளினிக் கொப்பி திருகோணமலையில், அம்மா ஸ்காபரோவில்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது விசிட்டர் விசாவில் போனார். வருகிற 28ஆம் திகதியோடு ஆறு மாதம் முடிகிறது. அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டார். குழந்தைக்கு டேகெயாரில் இடம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். "நீடிக்க விண்ணப்பித்தால் வீண் கேள்வி வரும். பாஸ்போட்டில் விசா 2031 வரை இருக்கிறது. இரண்டு மாதம் கூட நின்றுவிட்டுப் போனால் எயார்போட்டில் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்" என்கிறார் அண்ணா. அம்மாவும் அவன் சொல்கிறபடி செய்வோம் என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அம்மாவுக்குப் பிறசரும் சீனியும் உண்டு. அதற்குக் கவலையில்லை, பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் நானே மாதாமாதம் குளிசை எடுத்து, கனடா போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன். விசாவை நீடிப்பதா, சும்மா இருப்பதா? அண்ணாவிடம் இதை எப்படிச் சொல்வது?
ஒரு மகள், உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, 28ஆம் திகதிக்கு முன்னால் நீடிக்க விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கு முன்னால் அம்மா விமானம் ஏற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியாமல் இருப்பது குளிசை அனுப்புகிற அந்த வரிதான். அதிலும் "அதற்குக் கவலையில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

அம்மாவின் கிளினிக் கொப்பி உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? எடுத்து விரித்துப் பாருங்கள். கடைசியாகப் பிறசர் அளந்து எழுதியது எந்தத் திகதி? அம்மா கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போகுமுன் எழுதியதாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் பழைய மருந்தே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஆளைக் காணாத டொக்டர் வேறென்ன எழுதுவார்? சீனிக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. பழக்கமில்லாத குளிரில், கைக்குழந்தையோடு இரவில் விழித்திருக்கிற 67 வயது மனுஷிக்கு, அவர் திருகோணமலையில் இருந்தபோது எழுதிய அளவிலேயே மருந்து போய்க்கொண்டிருக்கிறது. இதில் கவலைப்பட ஒன்றுமில்லையா?

பிள்ளைப்பேறு பார்க்கப் போன அம்மாமாரைப் பற்றி எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. கேள்வி எப்போதும் விசாவைப் பற்றியே இருக்கும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், போன நாளிலிருந்து அம்மாவை ஒரு டொக்டரிடமும் காட்டவில்லை என்பது வெளியே வரும். விசிட்டராகப் போனவருக்கு ஒன்ராறியோவில் அரசாங்க மருத்துவக் காப்புறுதி இல்லை. தனியாரிடம் காப்புறுதி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் இங்கே நீங்கள் விடியற்காலையில் நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து, கடதாசி உறைகளில் "காலை 1, இரவு 1" என்று எழுதி வாங்கி, யாரோ ஒருவரின் சூட்கேசுக்குள் வைத்து அனுப்புகிறீர்கள். கனடாவில் இருவர் உழைக்கிற ஒரு வீட்டின் மருந்துச் செலவைத் திருகோணமலை ஆஸ்பத்திரி சுமக்கிறது.

அண்ணாவை மட்டும் சொல்லிவிட்டு உங்களை விடமாட்டேன். மாதம் தவறாமல் மருந்து வந்து சேர்வதால்தான் அம்மா ஒரு நோயாளி என்பதே அவருக்கு உறைக்கவில்லை. அவர் செய்யவேண்டியதை நீங்கள் செய்து, செய்யாததை மூடியும் வைத்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு உதவி என்று நினைத்துத்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் மகன் தாயைக் கூப்பிட்டால், கூப்பிட்ட நாளிலிருந்து அவர் உடம்புக்கு அவனே பொறுப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பேரப்பிள்ளையைப் பார்ப்பது அப்பம்மா பாசத்தில் செய்கிற காரியம். அதைக் காரணம் காட்டி அவரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைக்க எந்த மகனுக்கும் உரிமையில்லை.

விசாவிலும் அண்ணா இதையேதான் செய்கிறார். அலைச்சல் தனக்கு வேண்டாம், ஆபத்து அம்மாவோடு போகட்டும். 2031 வரை என்று அவர் சொல்வது நாட்டுக்குள் நுழைவதற்கான விசா. ஒவ்வொரு முறை நுழையும்போதும் எவ்வளவு காலம் நிற்கலாம் என்பது வேறு கணக்கு. எல்லையில் அதிகாரி வேறு திகதி குறிக்காவிட்டால் அது ஆறு மாதம். எயார்போட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை என்பது பழைய கதை. போகும்போது முத்திரை குத்தமாட்டார்கள், உண்மைதான். ஆனால் 2020இலிருந்து வெளியேறும் பயணிகளின் விவரத்தை விமான நிறுவனங்கள் கனடிய எல்லைச் சேவைக்குக் கொடுத்துவிடுகின்றன. அம்மா எந்த நாளில் போனார் என்பது அவர்களிடம் பதிவாக இருக்கும்.

"90 நாள் தவணை இருக்குதானே" என்று யாராவது அண்ணாவுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அது தவணை இல்லை. காலம் தாண்டி, தங்கும் அந்தஸ்தை இழந்தவர் அதைத் திரும்பக் கேட்கக்கூடிய கால எல்லை. அதற்குக் கட்டணம் கூடுதல், மறுக்கவும் செய்யலாம். 28ஆம் திகதிக்கு முன் ஒழுங்காக விண்ணப்பித்தால் கட்டணம் 100 டொலர். முடிவு வர எத்தனை மாதம் ஆனாலும், அதுவரை அம்மா சட்டப்படி அங்கே இருக்கலாம். காலாவதிக்கு 30 நாள் முன்பே போடுங்கள் என்றுதான் அறிவுரை. பிந்திவிட்டது, பரவாயில்லை, கடைசித் திகதி தாண்டாமல் இருந்தால் போதும். ஒன்லைனில் ஐ.எம்.எம். 5708 என்ற படிவம். அதோடு ஏன் இன்னும் இரண்டு மாதம் தேவை என்று அண்ணா ஒரு கடிதம், அவருடைய வங்கிக் கணக்கு விவரம், மாற்றிய திகதியோடு அம்மாவின் டிக்கெட். அம்மாவின் பாஸ்போட் எப்போது முடிகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீடித்துத் தரமாட்டார்கள். ஒரு ஞாயிறு பின்னேர வேலை இது, அவ்வளவுதான்.

செய்யாமல் விட்டால் வருவதையும் கேளுங்கள். அடுத்த முறை விசாப் படிவத்தில், கனடாவில் அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்று கேட்பார்கள். ஆம் என்றால் விளக்கம் கொடுக்க வேண்டும். இல்லை என்று எழுதிப் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. கையெழுத்து வைக்கப்போவது அண்ணா இல்லை, அம்மா. அந்த வயதில் அவரைப் பொய்க்குக் கையெழுத்து வைக்க விடுவீர்களா?

அம்மா நீண்ட காலம் தேவை என்றால், அங்குள்ள பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கென்றே சூப்பர் விசா இருக்கிறது. 2022இலிருந்து அதில் ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை நிற்கலாம். ஆனால் குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். முறையாக அம்மாவைக் கூப்பிட்டு வைத்திருக்க அந்த நாடு முதலில் கேட்பதே இதைத்தான் என்று அண்ணாவுக்குச் சொல்லுங்கள்.

இந்த மாதக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். மருந்து அறுந்துபோகக் கூடாது. ஆனால் இம்முறை கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்புங்கள், அங்குள்ள டொக்டர் பார்க்கட்டும். காப்புறுதி எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள பிறசருக்கும் சீனிக்கும் பணம் தருமா என்று வாசித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் அம்மாவோடு தனியாகப் பேசுங்கள். நமக்குப் பொழுதுபட்ட பிறகு அங்கே காலை, அண்ணாவும் அண்ணியும் வேலைக்குப் போயிருப்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், சுகம் என்பார். வீட்டுக்கு வர விருப்பமா என்று கேளுங்கள். வர விருப்பம் என்றால் விண்ணப்பப் பேச்சே வேண்டாம்.

நிற்க விருப்பம் என்றால், அண்ணாவிடம் அண்ணி மூலம் போகாமல் நேரே சொல்லுங்கள்: "இந்தக் கிழமைக்குள்ள அப்ளிகேசன் போட்ட ரசீது எனக்கு வேணும் அண்ணா. அதோட அம்மாவை ஒரு டொக்டரிட்டக் காட்டுங்கோ. ரெண்டும் ஏலாதெண்டா டிக்கெட்டைப் போடுங்கோ, நான் கட்டுநாயக்காவுக்கு வந்து கூட்டிக்கொண்டு வாறன்." மூத்தவர் என்று பயந்து இதில் ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள். அண்ணி கோபிப்பார், கோபிக்கட்டும். ஸ்காபரோவில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிற தமிழ்ப் பெண்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு அவர்களுக்குக் காசு கொடுக்கட்டும்.