லைன் வரவில்லை, புகார் மட்டும் எப்படித் தீர்ந்தது?

பெங்களூரில் ஃபைபர் லைன் பழுதுபார்க்கும் ஒப்பந்த ஆட்களைக் கவனிப்பது என் வேலை. கேட்டவர்களுக்குப் பதில்கள்:

அல்சூரிலிருந்து ஒரு அம்மா: ஆளே வரவில்லை, ‘புகார் தீர்ந்தது’ என்று மெசேஜ் வருகிறதே?

பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாதம்மா, டிக்கெட்டுக்கு, அதாவது ஒரு புகாருக்கு, இவ்வளவு என்றுதான் காசு. பெட்ரோலும் லைன் பார்க்க வரும் பையன் கையிலிருந்துதான். கெடு தாண்டினால் ஒப்பந்ததாரருக்கு அபராதம். சாயந்திரம் கையில் டிக்கெட் மிச்சமிருந்தால் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று போட்டு மூடிவிடுவார்கள். ஓடிபி கேட்டால் நெட் வந்த பிறகு சொல்லுங்கள். தீர்வு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்திலேயே மேல்முறையீடு செய்யலாம். 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தனிப்பட்ட புகாரை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நேரடியாக விசாரிக்காது.

கே.ஆர்.புரம் தம்பி: ஐடிஐ முடித்தேன் அண்ணா. ஒரு வாரப் பயிற்சியோடு ஃபீல்டுக்குப் போகச் சொல்கிறார்கள். போதுமா?

போதாது. அறுந்த ஃபைபரை இணைக்கும் ஸ்ப்ளைசிங் மெஷின் ஒட்டுவதைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் உள்ளது கைவேலை. மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவர் என்ற வெட்டும் கருவியில் நேராக வெட்ட வேண்டும். துடைத்த பிறகு விரல் பட்டால் மறுபடி முதலிலிருந்து. வெட்டிய துண்டு முடி போல மெல்லிய கண்ணாடி, டப்பாவில் போடு. ஃபைபர் முனையைக் கண்ணால் பார்க்காதே, அந்த ஒளி தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

வீட்டுக்கு வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 20 காட்டினால் நிம்மதி. மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் நெட் விட்டுவிட்டுத்தான் வரும். புதுப் பையன் உடனே கனெக்டரை மாற்றுவான். பழையவன் முதலில் சோபாவை நகர்த்தி, பின்னால் வயர் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பான். இதை வகுப்பில் கற்க முடியாது, ஒரு மாதமாவது பழைய ஆளோடு வண்டியில் போ.

ஒயிட்ஃபீல்டு, கால் சென்டர்: அழைப்பு நீண்டால் திட்டு விழுகிறது. எல்லோரையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறோம்.

பெட்டியில் ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பா என்று முதலில் கேளுங்கள். சிவப்பென்றால் ஒளியே வரவில்லை, அணைத்துப் போட்டு என்ன ஆகும்? உங்கள் டீம் லீடரை ஒரு நாள் எங்களோடு அனுப்புங்கள், புரியும்.

சிவாஜிநகர்: அந்தக் காலத்து லைன்மேன்கள் எங்கே சார்?

2020 ஜனவரி 31-இல் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து மட்டும் 78,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் போனார்கள். எந்த நடைபாதைக்கு அடியில் எந்தக் கேபிள் என்ற கணக்கும் அவர்களோடு போயிற்று.

விவேக்நகர்: கன்னடம் தெரியாமல் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம். ஆனால் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் பேசத் தெரியாவிட்டால் கேட்டிலேயே அரை மணி நேரம் போய்விடும்.