மான்ஸ்டர் டிரக் படத்தை நாலு வயதுப் பிள்ளை பாதியில் விடுவது ஏன்?

கேள்வி: டீச்சர், நாங்கள் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். மகனுக்கு நாலு வயது. போனில் பார்த்ததிலிருந்து சுறா மாதிரி, காளை மாதிரி, டைனோசர் மாதிரி இருக்கிற ராட்சத டயர் வைத்த மான்ஸ்டர் டிரக் வண்டி என்றால் அவனுக்கு உயிர். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 'மூளை வளர்ச்சிக்கு நல்லது' என்று சொல்லி, கலர் அடிக்கிற படம் 200 பக்கம் உள்ள கட்டு ஒன்றை 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் ஒரு நிமிடம் கிறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறான். கோட்டுக்குள் நிற்பதே இல்லை. எல்கேஜி சேர்க்கப் போன இடத்தில் 'கோட்டுக்குள் கலர் அடிப்பானா' என்று கேட்டார்கள். பிள்ளையிடம் ஏதும் குறையா? எந்த மாதிரிப் படம் கொடுக்க வேண்டும்? என் தம்பி நெட்டில் இருந்து எடுத்துத் தருகிறேன் என்கிறான், எடுக்கலாமா?

பதில்: பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களையும் பார்த்தேன். குறை அந்தப் படங்களில்தான் இருக்கிறது. சுறா டிரக் படத்தில் பல் மட்டும் எண்ணினேன், 34. ஒவ்வொரு டயரிலும் கட்டம் கட்டமாக ரப்பர் பட்டை. பின்னால் கூட்டம், விளக்குக் கம்பம், புழுதி, நெருப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கே இரண்டு நாள் வேலை இது. நாலு வயதுக் கை எங்கிருந்து தொடங்கும்? தொடங்க இடம் தெரியாமல்தான் உங்கள் மகன் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு அடுத்ததைப் புரட்டுகிறான்.

சின்னப் பிள்ளையின் கை தோளில் இருந்து வேலை செய்யும். அப்புறம் முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியில்தான் விரல் வசத்துக்கு வரும். நாலு வயதில் பல பிள்ளைகள் இன்னும் கையை மொத்தமாக ஆட்டித்தான் வண்ணம் இழுப்பார்கள். அந்த வீச்சுக்கு இடம் வேண்டும். அதனால் படம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு ரூபாய்க் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் கலர் அடிக்க உள்ள மிகச் சின்னக் கட்டத்துக்குள்ளும் அந்தக் காசு அடங்க வேண்டும். கண்ணுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கலாம். கோடு தீக்குச்சிக் கனத்தில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரே வண்டி, பின்னணி வேண்டாம், மொத்தம் பத்துப் பன்னிரண்டு கட்டம் போதும். இந்த அளவில் ஒரு படம் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த வயதுக்கு அது நல்ல நேரம். அதற்கு மேல் இழுத்துப் பிடிக்காதீர்கள்.

நிஜ வண்டி எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் படம் பொறுக்குவது சுலபம். மான்ஸ்டர் டிரக் அமெரிக்காவில் பிறந்தது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர் என்பவர் 1974ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு பிக்கப் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, பெரிய சக்கரம் மாட்டி, 'பிக்ஃபுட்' என்று பெயர் வைத்தார். 1981இல் அது பழைய கார்கள் மேல் ஏறி நசுக்கியதில் இருந்துதான் இந்த வேடிக்கை பரவியது. இப்போதைய வண்டிகளின் டயர் 66 அங்குல உயரம், 43 அங்குல அகலம். அதாவது ஐந்தரை அடி, நம்மில் பல பேரை விட உயரம். வண்டி மொத்தமே பத்தடி சொச்சம்தான். ஆக, பாதி உயரம் டயரே. மேலே தெரியும் சுறா, காளை எல்லாம் ஃபைபர் கூடு. நம் ஃபைபர் வள்ளத்தில் இருக்கிற அதே கண்ணாடி இழைப் பொருள்தான். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம். கூடு தனி என்பதால்தான் கொம்பு, துடுப்பு, காது, நாக்கு என்று எதை வேண்டுமானாலும் வைக்க முடிகிறது.

இது தெரிந்தால் நல்ல படத்துக்கு இன்னோர் அடையாளம் கிடைக்கும். டயர் படத்தின் பாதி உயரம் இருக்க வேண்டும், உள்ளே வெறுமையாக இருக்க வேண்டும். பெரிய வட்டம் ஒன்றைக் கறுப்பில் சுற்றிச் சுற்றி நிரப்பும்போது பிள்ளைக்கு வரும் மகிழ்ச்சியே தனி. 'நான் முடித்துவிட்டேன்' என்று அவன் முதலில் சொல்லப்போவது அந்த டயரைப் பார்த்துத்தான்.

டயரில் பட்டை இல்லாவிட்டால் நன்றாக இருக்காதே என்று நினைக்கிறீர்களா? வீட்டில் பழைய வலைத் துண்டு இருக்கும். கொஞ்சம் தடித்த நூல் வலை, முடிச்சு தெரிகிற மாதிரி. அதைக் கழுவிக் காயவைத்துத் தாளுக்கு அடியில் பரப்புங்கள். மேலே மெழுகுக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கண்ணி கண்ணியாக டயர்ப் பட்டை தானாக எழும்பும். பாம்பன் பக்கம் பிள்ளைகளிடம் இதை எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட பாதியில் எழுந்து போனதில்லை.

இனி அந்த 200 பக்கக் கட்டு. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 'மூளை வளர்ச்சி', 'கற்பனைத் திறன்' என்று அட்டையில் போட்டு விற்பவர்கள் பெரும்பாலும் படம் வரைகிறவர்கள் இல்லை. நெட்டில் இலவசமாகக் கிடைப்பதைச் சேர்த்து, மூலையில் தங்கள் முத்திரையைப் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து விற்கிற இடைத்தரகர்கள். வாட்ஸ்அப்பில் '99 ரூபாய்க்கு 1000 படம், இன்று மட்டும்' என்று வருவதும் இதே சரக்குதான். சில வருடங்களுக்கு முன் ஒரு மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்காக என் கைக்காசில் இப்படி ஒரு கட்டு வாங்கினேன். பிரித்து அடுக்கினால் ஒரே யானை டிரக் இடப்பக்கம் பார்த்து ஒன்று, வலப்பக்கம் பார்த்து ஒன்று, சின்னதாக்கி ஒன்று. பாதிக்குப் பாதி அப்படி. திருப்பிக் கொடுக்கப் போனபோது போனை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து நான் யாருக்கும் கட்டு வாங்கச் சொல்வதில்லை. 200 பக்கத்தில் ஒரு பிள்ளை ஆசையாக முடிப்பது ஆறோ ஏழோதான்.

இப்போது இதில் புதுக் கேடு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரே செயற்கையாக உண்டாக்கித் தள்ளும் படங்கள். முதல் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். எண்ணிப் பாருங்கள்: வண்டிக்கு ஐந்து டயர் இருக்கும், பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, ஆறு கை இருக்கும். நம் கரையில் வளரும் பிள்ளைக்குக் கணவாயைத் தெரியும். அப்பா கொண்டுவந்த பேய்க்கணவாய்க்கு எட்டுக் கை என்று அவனே எண்ணிச் சொல்வான். அவனிடம் ஆறு கைப் படத்தைக் கொடுப்பது அவன் அறிவை அவமதிப்பது. எந்தப் படத்தையும் பிரிண்ட் போடும் முன் டயரையும் காலையும் எண்ணுங்கள்.

தம்பி நெட்டில் எடுத்துத் தரலாமா என்றால், தாராளமாக. சில இடங்களில் மட்டும் கவனம். பக்கத்தின் நடுவே பெரிதாக, பச்சையாக மின்னும் 'டவுன்லோடு' பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். படமென்றால் பிடிஎஃப், ஜேபிஜி, பிஎன்ஜி போன்ற கோப்பாகத்தான் வரும். ஏபிகே என்று முடிந்தால் அது படமில்லை, போனுக்குள் புகுகிற செயலி. அந்த இடத்திலேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள். 'ஒரு வாரம் இலவசம், கார்டு எண் மட்டும் கொடுங்கள்' என்றால் மூடிவிடுங்கள், மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். ஒரு கலரிங் படத்துக்காக யாரும் ஓடிபி கேட்க வேண்டிய அவசியமே கிடையாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் குழம்புகிறார்கள். மெகலடான் என்ற சுறா வண்டி, எல் டோரோ லோகோ என்ற காளை வண்டி, மான்ஸ்டர் மட் என்ற நாய் வண்டி எல்லாம் அமெரிக்காவில் மைதானக் காட்சி நடத்துகிறவர்களின் சொந்த உருவங்கள். அந்தப் படங்களை அச்சடித்து விற்கக் கூடாது. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சில விலக்குகள் தருகிறது. தன் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் எடுத்துக்கொள்வது ஒன்று. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பது இன்னொன்று. உங்கள் மகனுக்கு நீங்கள் நாலு பக்கம் எடுப்பது முதல் வகை. ஒரு பாலர் வகுப்பு டீச்சர் அன்றைய வகுப்புக்கென்று தன் 20 பிள்ளைகளுக்கு 20 படி எடுப்பது இரண்டாம் வகை. அதே டீச்சர் அதே 20 படியைப் பெற்றோரிடம் பத்து ரூபாய்க்கு விற்றால் விலக்கு போய்விட்டது. பள்ளி ஆண்டு விழா ஸ்டாலில் வைத்து விற்றாலும் போய்விட்டது, 'நல்ல காரியத்துக்கு' என்று சொன்னாலும் அப்படித்தான். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் உங்கள் கோப்பைக் கொடுத்துத் தாளுக்கும் மைக்கும் காசு கொடுப்பது வேறு, அவரே தன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துக் கட்டாக விற்பது வேறு. பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடை பற்றிய வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் பாடத்துக்காக எடுக்கும் படி என்பதுதான் பேச்சாக இருந்தது. ஆகவே பயப்படாமல் எடுங்கள், விற்க மட்டும் கிளம்பாதீர்கள். சமீபத்தில் ஒரு அம்மா 'வீட்டுத் தொழிலாகச் செய்யலாமா' என்று கேட்டார். சொந்தமாக வரைந்த வண்டியென்றால் செய்யுங்கள், நெட்டில் எடுத்தது என்றால் வேண்டாம் என்றேன்.

பிரிண்ட் எடுக்கும் விஷயம் சுருக்கமாக. படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்து கோடு மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போனில் விரித்துப் பார்த்தால் கோடு படிக்கட்டு மாதிரி தெரிகிறதா? தாளிலும் அப்படித்தான் வரும். கடையில் 'பிளாக் அண்ட் ஒயிட், ஏ4 முழுப் பக்கம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மூலையில் ஒரு பொட்டுச் சிவப்பு இருந்தாலும் கலர் பிரிண்ட் கணக்கில் காசு கேட்பார்கள். லேசர் பிரிண்டரில் எடுத்தால் கோடு கரையாது. இங்க்ஜெட்டில் எடுத்ததை ஈரக் கையாலோ ஸ்கெட்ச் பேனாவாலோ தொட்டால் கறுப்பு கலங்கி எல்லா நிறத்தையும் கெடுக்கும். வேறு வழியில்லை என்றால் மெழுகுக் கிரேயான் மட்டும் கொடுங்கள், உடைந்த குட்டைத் துண்டாக இருந்தால் இன்னும் நல்லது, விரல் தானாகச் சரியாகப் பிடிக்கும். நம் உப்புக் காற்றில் தாள் நமுத்துப்போகும், பாலித்தீன் கவரில் வைத்திருங்கள்.

எல்கேஜி விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது. மூன்று வயதில் இருந்து ஆறு வயது வரை விளையாட்டு வழியாகத்தான் கற்க வேண்டும் என்று எத்தனை அறிக்கை, எத்தனை பயிற்சி! கடைசியில் வாசலில் நிற்கும் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி 'கோட்டுக்குள் அடிப்பாயா'. கோடு தாண்டிய இடத்தில் சிவப்பு மையில் சுழி போடுகிற டீச்சர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பிள்ளை கிரேயானைத் தொடவில்லை. கோட்டுக்குள் நிற்பது ஐந்து, ஆறு வயதில் கை தேறும்போது தானாக வரும். அங்கன்வாடி டீச்சரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பதிவேடும், ஊட்டச்சத்துக் கணக்கைப் பதியச் சொல்லும் போஷன் டிராக்கர் செயலியும் அவர் காலை நேரத்தைத் தின்றுவிடுகின்றன, ஒரு கட்டுத் தாளுக்கு அவர் யாரிடம் போய் நிற்பார்? மன்னார் வளைகுடாவில் 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 21 தீவு. ஆவுளியா என்கிற கடல் பசு, ஆமை, கடல் குதிரை, திருக்கை என்று எதை வேண்டுமானாலும் பெரிய கோட்டில் வரைந்து இந்தக் கரைப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்க ஆளில்லாததால்தான் நீங்கள் 450 ரூபாய் கொடுத்து அமெரிக்க நாயை வாங்கி வருகிறீர்கள்.

சரி, அதை நீங்களே வீட்டில் செய்யலாம். வெள்ளைத் தாளில் சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, தாளின் அடிப்பக்கம் இரண்டு வட்டம் போடுங்கள், அவை டயர். ஒவ்வொன்றின் உள்ளேயும் பாட்டில் மூடியை வைத்து இன்னொரு வட்டம். மேலே சாய்ந்த சதுரமாகத் திருக்கையின் உடம்பு, பின்னால் நீளமான வால், இரண்டு கண். உடம்புக்கும் டயருக்கும் நடுவே இரண்டு தடித்த கம்பி. கறுப்பு மார்க்கரில் கோட்டை அழுத்திப் போட்டால் முடிந்தது. எண்ணினால் பத்துக் கட்டம்தான் வரும். ஜெராக்ஸ் கடையில் ஐந்து படி எடுங்கள். ஆவுளியா வரைந்தால் இன்னும் சுலபம், அது முழுக்க ஒரே உருண்டை. 'இது யார் வண்டி?' என்று மகனிடம் கேளுங்கள். அவன் சொல்லும் பெயரைக் கீழே தமிழில் பெரிதாக எழுதி, அந்த எழுத்தையும் கலர் அடிக்க விடுங்கள்.

வாங்கிய கட்டைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் மகன் வளர்ந்து ஏழு எட்டு வயதில் அந்த 34 பல்லையும் ஆசையாக அடிப்பான், நல்ல பக்கங்கள் 20 எடுத்து வைத்துவிடுங்கள். மீதியைத் திருப்பிப் போட்டால் பின்பக்கம் வெள்ளைதான், திருக்கை வண்டிக்கு அது போதும்.